நூறு சதவீதத்துக்கு வேண்டாத பெண்

அந்தப் படிவத்தைக் கண்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆசிரியர் மதிப்பீடு என்று நாலு பக்கம். உங்கள் பாடத்தில் எத்தனை சதவீதம் தேர்ச்சி என்பதற்கு முதல் பக்கத்திலேயே பெரிய கட்டம். வாக்காளர் பட்டியலைத் தூக்கிக்கொண்டு வலியசாலைத் தெருக்களில் நான் வீடு வீடாக ஏறி இறங்கிய நாட்களில் என் வகுப்பை யார் பார்த்தார்கள் என்று கேட்க ஒரு வரிகூடக் கிடையாது. இனிமேல் சம்பள உயர்வும் இதை வைத்துத்தான் என்று பேச்சு கிளம்பியதும், வரலாறு எடுப்பவர்கூட ஆசிரியர் அறையில் சதவீதம் போட்டுப் பார்க்க ஆரம்பித்துவிட்டார்.

நான் திருவனந்தபுரத்தில் ஒரு பள்ளியில் தமிழ் வழிப் பத்தாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிறேன். வகுப்பில் மொத்தம் ஒன்பது பேர். எட்டுப் பேர் எப்படியும் தேறிவிடுவார்கள். ஒன்பதாவது பெண் தடுமாறுவாள். மண்டு ஒன்றும் இல்லை. நான் பட்டியலோடு அலைந்த மாதங்களில் விட்டுப்போனதை அவளால் தனியாக எட்டிப் பிடிக்க முடியவில்லை, அவ்வளவுதான்.

பரீட்சைக்கு முன்னால் தலைமையாசிரியை என்னைக் கூப்பிட்டார். கரமனைத் தமிழ்க் குடும்பம்தான், ஆனால் பேச்சில் பாதி மலையாளம்.

“டீச்சரே, அந்தக் குட்டி இந்த வருஷம் எழுதண்டாம். சுகமில்லைன்னு அம்மா ஒரு லெட்டர் தந்தா போதும். ஒராளுக்கு வேண்டி நம்ம நூறு சதமானம் போகணுமா?”

கடிதம் மலையாளத்தில் தயாராகவே இருந்தது. கையெழுத்து மட்டும்தான் பாக்கி. அந்த அம்மாவிடம் போய் அதை வாங்கி வர ஆள் நான்தானே!

அவள் தம்பானூரில் ஒரு லாட்ஜில் அறை பெருக்குகிறாள். திருநெல்வேலிப் பக்கம். மலையாளம் பேசுவாள், படிக்கத் தெரியாது. மாடிப்படியில் நின்றபடியே ஈரக் கையை முந்தானையில் துடைத்துவிட்டுப் பேனாவை வாங்கிக்கொண்டாள்.

“எங்கன போடணும் டீச்சர்?”

என்ன எழுதியிருக்கிறது என்றுகூடக் கேட்கவில்லை. தாளில் இருந்ததை வரி விடாமல் தமிழில் சொன்னேன்.

“எம் மவளுக்குச் சீக்கு ஒண்ணும் இல்லியே, நல்லாத்தான இருக்கா?” என்றவள் என் முகத்தையே பார்த்தாள். புரிந்துகொண்டாள். “ஃபெயிலானா ஆவட்டும் டீச்சர். அவ எழுதட்டும்.”

பேனாவைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

பெண் எழுதினாள். கணக்கில் கொஞ்சத்தில் போய்விட்டது. நூறு சதவீதம் என்று வாசலில் கட்ட அடித்து வைத்திருந்த ஃப்ளெக்ஸ் அலுவலக மூலையில் சுருட்டியபடி கிடந்தது. மதிப்பீட்டில் எனக்கு மார்க் குறைந்தது. குறையட்டும். அவள் இப்போது தினமும் நாலு மணிக்கு நோட்டோடு என்னிடம் வருகிறாள், மறுபரீட்சைக்கு.

ஆனால் மார்க்கோடு நிற்கவில்லை, மெமோவும் வந்தது. ஒரு மாணவி தோற்றதற்கு எழுத்துபூர்வமான விளக்கம் வேண்டுமாம். அதைப் படித்தபோதுதான் கோபம் தலைக்கேறியது. எழுதித் தோற்றவளுக்கு விளக்கம்! போன வருடமும் அதற்கு முந்தின வருடமும் நூறு வந்ததே, அப்போது யாராவது வாயைத் திறந்தார்களா? அந்த இரண்டு வருடமும் இதே மாதிரி ஒவ்வொரு கடிதம் போயிருக்கிறது. இரண்டு பிள்ளைகள் பரீட்சையே எழுதவில்லை, அப்புறம் பள்ளிப் பக்கமும் வரவில்லை. அந்த இரண்டு அம்மாக்களிடமும், என்ன எழுதியிருக்கிறது என்று சொல்லாமல், கையெழுத்து வாங்கி வந்தது நான்.

விளக்கத்தில் அதைத்தான் எழுதிக் கொடுத்தேன்.