சாமி கேட்ட டாக்டர்

எண்பதுகளின் தொடக்கம். கல்யாணமாகி நான் செல்லூருக்கு வந்து இரண்டு வருஷம் இருக்கும். ஒரு நாள் காலையில் கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். ஒரு காரணமும் இல்லாமல் நெஞ்சு கன்னாபின்னாவென்று அடிக்கத் தொடங்கியது. விரல்கள் மரத்தன. தொண்டையை யாரோ பிடித்த மாதிரி மூச்சு முட்டியது. செத்துவிட்டேன் என்றே நினைத்தேன். பிறகு தானாகவே அடங்கியது. வியர்வையில் தொப்பலாக நனைந்து உட்கார்ந்திருந்தேன்.

"டாக்டர்கிட்ட போகணுங்க" என்றேன் கணவரிடம். "அம்மாகிட்ட சொல்லு" என்றார் அந்த மகராசன். மாமியாரிடம் சொன்னேன். "வேலை செய்ய வலிச்சா நெஞ்சும் வலிக்கும்" என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அது மறுபடியும் வந்தது. குழாயடியில் ஒருமுறை, பஸ்ஸில் ஒருமுறை. எப்போது வருமோ என்ற பயத்திலேயே வாசற்படி தாண்டுவதை நிறுத்தினேன். டாக்டர், டாக்டர் என்று கெஞ்சினேன். யார் காதில் விழுந்தது?

ஆடி மாதம், தெரு மாரியம்மன் கோவிலில் கூழ் ஊற்றினார்கள். கூட்டத்தில் என் கைகால் உதறத் தொடங்கியது. காற்றுக்காக வாயைப் பிளந்தேன். உடனே பெண்கள் குலவை போட்டார்கள். சாமி வந்துவிட்டதாம். மாமியார் என் கையில் வேப்பிலையைத் திணித்து, "தாயி" என்று காலில் விழுந்தார்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் என்னைச் சாமி படத்தின் முன் உட்கார வைத்து, கதவைச் சாத்தி, சாம்பிராணி போட்டார்கள். மூச்சுத் திணறுகிறவளுக்குப் புகை போட்ட புத்திசாலிகள். புகையில் அது வராமல் என்ன செய்யும்? வந்ததும், தெருவே வந்து குறி கேட்டது. நான் சாகிறேன், இவர்களுக்கோ மகனுக்கு வேலை எப்போது கிடைக்கும் என்று தெரிய வேண்டும்.

ஒரு வெள்ளிக்கிழமை மாமியார் கைகூப்பி, "உனக்கு என்ன வேணும் தாயி? கெடா வெட்டவா, பொங்க வைக்கவா?" என்று கேட்டார். ஆத்திரம் தாங்கவில்லை. திணறலுக்கு நடுவே, "இவளை டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போ" என்று கத்தினேன்.

மறுநாளே கூட்டிப்போனார்கள். கணவர் லீவு போட்டார்.

டாக்டர் நெஞ்சைச் சோதித்தார், நிறையக் கேள்வி கேட்டார். "இதயத்துல ஒண்ணுமில்லம்மா. பயம் திடுதிப்புனு பொங்குற நோய் இது. உசுரை எடுக்காது. மருந்து இருக்கு, சரியாயிரும்" என்றார். நான் அங்கேயே அழுதேன்.

அவர் மாமியார் பக்கம் திரும்பினார். "இம்புட்டு நாள் ஏன் கூட்டிட்டு வரலை?"

"இவ எங்க வாயத் தொறந்து சொன்னா டாக்டர்? சாமி சொல்லித்தான எங்களுக்கே தெரியும்" என்றார் மாமியார்.