மடுவத்தில் குறைந்த ஒரு தலை

ஏழு வயதில் நான் நாலு வயதுப் பிள்ளை அளவுக்குத்தான் இருந்தேன். பள்ளிக்கூட வரிசையில் எப்போதும் முதல் ஆளாக நிற்பதும், விறகு பொறுக்கப் போனால் பெரிய பிள்ளைகள் என்னைக் கணக்கிலேயே எடுக்காததும் பழகிப் போயிருந்தது. அந்தக் குள்ள உடம்பு ஒரே ஒரு தடவைதான் வீட்டுக்கு உதவியது.

நாங்கள் குடியிருந்த தொழிலாளர் லயம் அக்கரப்பத்தனைக்கு மேலே, ஒரு தேயிலைத் தோட்டத்தின் மேல் டிவிஷனில் இருந்தது. வரிசையாக ஒட்டியிருந்த ஒற்றை அறைக் காம்பராக்களில் பாதியில் பூட்டுதான் குடியிருந்தது. அண்ணன்மார் கொழும்புக் கடைகளுக்குப் போனார்கள். அக்காமார் ஆடைத் தொழிற்சாலைகளுக்குப் போனார்கள். கலியாணம் முடித்தவர்கள் அங்கேயே வாடகைக்கு அறை பிடித்துக்கொண்டார்கள். தீபாவளிக்கு எல்லோரும் வந்து இறங்கினால் லயத்தில் கால் வைக்க இடமிருக்காது. வெடிக் குப்பையைக் கூட்டி முடிப்பதற்குள் மறுபடி பஸ் ஏறிவிடுவார்கள். பெற்றெடுக்கும் வயதுக்காரர்கள் எல்லாம் கொழும்பில் இருந்தால் தோட்டத்தில் பிள்ளை எங்கிருந்து பிறக்கும்?

வினை அங்கேதான் வந்தது. கொழுந்து பறிக்கப் போகும் பெண்கள் பள்ளிக்கூட வயது வராத பிள்ளைகளை விட்டுச் செல்லும் பிள்ளைமடுவத்தில் பிள்ளைகள் போதவில்லை என்றும், அதை மூடிவிட்டுக் கீழ் டிவிஷன் மடுவத்தோடு சேர்க்கப் போகிறார்கள் என்றும் பேச்சு வந்தது. கீழ் டிவிஷனுக்கு மலை இறங்கி ஓடை தாண்டிப் போகவேண்டும். விடியற்காலைப் பனியில் அங்கே பிள்ளையைச் சுமந்துபோய் விட்டுவிட்டு, வேலை பிரிக்கும் பெரட்டுக்கு நேரத்தோடு வந்து நிற்க எந்தத் தாயாலும் முடியாது.

என் தம்பி தத்தித் தத்தி நடக்கிற வயதில் இருந்தான். அப்பாவுக்குத் தேயிலைச் செடிகளை வெட்டிவிடும் கவ்வாத்து வேலை. பக்கத்துக் காம்பரா அத்தையும் கொழுந்து பறிக்க மலைக்குப் போகிறவள். மடுவம் மூடினால் அம்மா வேலையை விட்டு வீட்டோடு இருக்கவேண்டியதுதான். எனக்கு விளங்கியது அவ்வளவுதான்.

தலையெண்ண ஆபீசிலிருந்து ஆள் வருகிறது என்று தெரிந்ததும் மடுவத்து ஆயா காம்பரா காம்பராவாக ஏறி இறங்கினார். விருந்துக்கு வந்திருந்த பேரப்பிள்ளைகளையும் காய்ச்சலில் கிடந்ததையும் சேர்த்துப் பார்த்தும் ஒரு தலை குறைந்தது. கடைசியில் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"இவ போதும். வாய மட்டும் தொறக்கக் கூடாது."

எனக்கு முன்பல் இரண்டும் விழுந்திருந்தன. நாலு வயதில் யாருக்குப் பல் விழும்?

அம்மாதான் மற்றவர்களைவிடத் துடித்தாள். என்னை அடுப்படியில் உட்கார்த்தி வைத்துப் பழக்கினாள். "சிரிச்சாலும் வாய மூடிக்கிட்டுத்தான் சிரிக்கணும், பாப்பா. எல்லாம் ஒங்கையிலதான் இருக்கு." அதுவரை என் கையில் எதுவும் இருப்பதாக யாரும் சொன்னதில்லை. எனக்குத் தலைகால் புரியவில்லை.

அன்று பள்ளிக்கூடத்துக்குப் போகவில்லை. உச்சியில் குடுமி, கன்னத்தில் திருஷ்டிப் பொட்டு, யாருடையதோ தொடை தெரியும் கவுன். இந்தக் கோலத்தில் மடுவத்துப் பாயில் உட்கார்ந்திருந்தேன். ஆபீசிலிருந்து வந்தது சிங்களம் பேசும் ஒரு அம்மா, எங்களுக்கு நோனா. ஒவ்வொரு பிள்ளையாகத் தலையைத் தொட்டு எண்ணிக்கொண்டே வந்தார்.

"பபாட வயச கீயத?" என்று என்னிடம் வயதைக் கேட்டார்.

"ஹத்தரய், நோனா," என்று ஆயா முந்திக்கொண்டு நாலு என்றார்.

நான் உதட்டை இறுக்கி மூடிக்கொண்டிருந்தேன். எல்லாம் நல்லபடியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. அந்த நேரம் பார்த்துத் தம்பி தத்தி வந்து என் குடுமியைப் பிடித்து ஒரு இழு இழுத்தான். என்னை மறந்து பெரிதாகச் சிரித்துவிட்டேன்.

நோனா என் வாயைப் பார்த்தார். ஆயாவைப் பார்த்தார். ஆயாவின் முகம் செத்துப் போயிருந்தது. ஜன்னலுக்கு வெளியே, கூடையைக்கூட இறக்காமல் பெண்கள் நின்றார்கள். முன்னால் நின்றது அம்மா. நோனா அவர்களையும் பார்த்தார். பிறகு என் தலையையும் தொட்டு எண்ணிவிட்டு அடுத்த பிள்ளையிடம் போனார்.

மடுவம் தப்பியது. அன்று சாயந்தரம் அம்மா என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். சந்தோஷம் என்று நினைத்தேன். ஏதோ ஒரு போரில் ஜெயித்தவள் மாதிரி லயம் முழுக்கத் திரிந்தேன்.

கொஞ்ச நாளில் அம்மா வீட்டு வேலைக்குக் குவைத் போனாள். பாஸ்போட்டெல்லாம் முன்னாடியே எடுத்து வைத்திருந்தாளாம். சின்னவனைப் பகலில் பார்த்துக்கொள்ள ஒரு இடம் இருந்தால் மட்டும் போ என்று அப்பா சொல்லியிருந்தாராம். நான் பெரியவளான பிறகுதான் அத்தை இதைச் சொன்னாள். அம்மா திரும்பி வந்தபோது எனக்கு எல்லாப் பல்லும் முளைத்துவிட்டிருந்தது. தம்பி அத்தையின் முந்தானைக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டான்.

இப்போது நுவரெலியாவில் ஒரு பள்ளிக்கூடத்தில் புவியியல் படிப்பிக்கிறேன். குடிப்பெயர்வுப் பாடம் வரும்போது கரும்பலகையின் ஒரு பக்கம் ஆட்களை ஊரை விட்டுத் தள்ளும் காரணிகளையும், மறுபக்கம் அவர்களை வெளியே இழுக்கும் காரணிகளையும் எழுதுவேன். போக நினைக்கிறவர்களைப் போகவிடாமல் பிடித்து வைக்கும் தடைகளும் உண்டு என்று கடைசியில் சொல்வேன். அதற்கு உதாரணம் கேட்டால் பாடப்புத்தகத்தில் இருப்பதைத்தான் சொல்வேன். எங்கள் அம்மாவைப் பிடித்து வைத்திருந்தது மடுவத்தில் குறைந்த ஒரு தலை. அந்த இடத்தில் போய் உட்கார்ந்தது நான்.

அம்மாவை ஏற்றிக்கொண்டு வேன் புறப்பட்ட காலையில் எனக்கு அழுகை வரவில்லை. ஊரை விட்டுப் போகிறவர்கள் தீபாவளிக்கு வந்துவிடுவார்கள் என்பதுதான் எனக்குத் தெரிந்த வழக்கம். தீபாவளிக்கு அதிக நாளும் இல்லை. தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றேன். அம்மா கண்ணாடிக்குப் பின்னாலிருந்து கையசைத்தாள். அவள் பழக்கியது மறக்கவில்லை என்று காட்ட, வாயை மூடிக்கொண்டே சிரித்தேன்.