தரையில் வைத்த கத்தி

கத்தித் தொழிலில் தழும்பில்லாத விரலும் கிடையாது, கவலையில்லாத மனசும் கிடையாது. என்னைப் போலவே உலையோடு மல்லுக்கட்டும் ஆசாரிகளான உங்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை. திருக்கோகர்ணத்தில் எங்கள் பட்டறைக்கு அப்பா விட்டுப்போன பழக்கங்கள் இரண்டு. நல்ல உருக்கில் அடித்த கத்தியில் மட்டும் மூன்று புள்ளி குத்துவோம். கத்தியைக் கைக்குக் கை கொடுக்க மாட்டோம், கொடுத்தால் உறவு அறுந்துவிடும் என்று. தரையில் வைப்போம், வாங்குகிறவர் எடுத்துக்கொள்வார்.

கரி தின்னும் பஸ்

உலகச் சண்டை வந்ததும் உருக்கு வருவது நின்றது. பெட்ரோல் இல்லாமல் பஸ்களும் கரியில் ஓடத் தொடங்கின. சந்தைக் கரியெல்லாம் அங்கே போனது. எங்கள் உலையை அணைத்துவிட்டீர்களே என்று அரிமளம் பஸ் டிரைவரிடம் குறைப்பட்டேன். அவர் பஸ்ஸின் முதுகில் கட்டியிருந்த கரியடுப்பைக் கிளறிக்கொண்டே சொன்னார்: "ஒங்க உலை நின்ன எடத்துல நிக்குது ஆசாரி. இது கரியையும் தின்னுட்டு, மேடு வந்தா எறங்கித் தள்ளச் சொல்லுதுங்க."

பீப்பாய்ப் பட்டை

சம்மட்டி அடிப்பவன் என் தம்பி; அவன் இல்லாவிட்டால் பட்டறை இல்லை. பழைய பீப்பாயின் இரும்புப் பட்டையில் ஒரு கத்தி அடித்து, பளபளவென்று தீட்டி, புள்ளி குத்தச் சொன்னான். வாழைத்தண்டுக்கே மழுங்கிவிடும், மாட்டேன் என்றேன். நான் காப்பாற்றியது அப்பாவின் பெயரையா, என் வீம்பையா? இன்னும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்.

பொங்கல் கழிந்ததும் மதுரை மில்லுக்குப் போகிறேன் என்றான். கத்தியை நேராக என் கையில் திணித்தான். "கையிலயே குடுக்குறேன். அறுந்தா அறுந்துட்டுப் போகட்டும்ணே."

இரண்டு பெண்கள்

பொங்கலுக்கு முன்பே அன்னவாசலிலிருந்து ஓர் அம்மாள் வந்தார். கையில் அப்பா அடித்த வெட்டரிவாள், தலையில் உலைக்கென்று ஒரு சாக்கு கொட்டாங்கச்சி. இரண்டு பெண்களுக்கும் கல்யாணமாம். அரிவாளை அழித்து ஆளுக்கொரு கத்தி வேண்டுமாம். அப்பா செய்ததை அழிக்க எனக்குக் கை வரவில்லை. தம்பிதான் அதை உலையில் வைத்தான். அடிக்க அடிக்கக் கணீரென்றது உருக்கு. அந்த அம்மாள் சொன்னார்: "ரெண்டுலயும் புள்ளி வையுங்க ஆசாரி. ஒண்ணுல விட்டா சின்னவ மொத வெட்டு எனக்குத்தான் போடுவா."

பொங்கலுக்குப் பிறகு

சேதி பரவி, தேய்ந்த அரிவாளும் ஒடிந்த கடப்பாரையும் கொட்டாங்கச்சியுமாக ஆட்கள் வந்தார்கள். பொங்கல் கழிந்தது. தம்பி மூட்டை கட்டவில்லை; நானும் கேட்கவில்லை. ஒரு காலையில் துருத்தியருகே நின்று, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னான்: "அண்ணே, அந்தப் பீப்பாய்க் கத்தியைத் தரையில வைங்க. நான் எடுத்துக்கிறேன்."

பஸ் இன்னும் எங்கள் கரியைத் தின்றுகொண்டுதான் இருக்கிறது, அதில் ஏறிப் போயிருக்க வேண்டியவனை மட்டும் எங்களுக்கே விட்டுவைத்துவிட்டது.