வேப்பனப்பள்ளியில் கிழிந்த அமெரிக்கக் கடிதம்

போன பதிவுக்குக் கீழே ஒரு வாசகர் கேட்டிருந்தார்: "கிருஷ்ணகிரி வரை வருகிறோம், வேப்பனப்பள்ளிப் பக்கம் போனால் பார்க்க என்ன இருக்கிறது?" கோயில், அணை, அருவி என்று பட்டியல் எதிர்பார்த்திருப்பார். எனக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான். 1957 மே மாதம் ஒரு சனிக்கிழமை, ஒரு கடிதத்தைத் தேடி அங்கே போய் வந்தேன். அப்போது எனக்கு இருபத்தொரு வயது. போன நேரம், கட்டணம் எல்லாம் சின்ன நோட்டில் குறித்து வைத்திருக்கிறேன். தட்டச்சுக்காரிக்கு அந்தப் பழக்கம் போகாது.

ஓசூரில் ஒரு அலுவலகத்தில் தட்டச்சு வேலை பார்த்தேன். எந்த அலுவலகம் என்று கேட்காதீர்கள். அந்த ஆண்டு ஏப்ரலில் அமெரிக்காவிலிருந்து ஒரு கடிதம் வந்தது. எழுதியவர் பெயர் எட்னா. அயோவா என்ற மாநிலத்தில் ஏதோ ஒரு சிற்றூர். அவருடைய தம்பி ராய், எங்கள் அலுவலகம் மூலமாக வேப்பனப்பள்ளிப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் இரண்டு வருடம் தங்கி, கோழி வளர்ப்பும் கிணற்று வேலையும் சொல்லிக்கொடுத்தவர். 1955 கடைசியில் ஊர் திரும்பினார், மறு வருடமே சாலை விபத்தில் இறந்துபோனார்.

எட்னாவின் ஊர் நூலக மாடியில் ஓர் ஆவண அறை இருக்கிறதாம். தலைவர்கள் எழுதியதை அல்ல, விவசாயி, தையல்காரி, தாதி என்று சாதாரண மனிதர்கள் எழுதிய சொந்தக் கடிதங்களைச் சேர்த்து வைக்கிறார்களாம். தம்பி இங்கிருந்து எழுதியதையெல்லாம் எட்னா அங்கே கொடுத்துவிட்டார். தான் தம்பிக்கு எழுதியவை இங்கேயே தங்கிவிட்டன, அவை கிடைக்குமா என்று கேட்டிருந்தார். அதிலும் குறிப்பாக ஒன்று வேண்டும். "எங்கள் அம்மா இறந்த மறுநாள் எழுதியது. மூன்று நாள் தூக்கமில்லாமல் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அம்மா சொன்னதையெல்லாம் அதில் எழுதினேன். எழுதியது நினைவிருக்கிறது, என்ன எழுதினேன் என்பது நினைவில்லை. தம்பியைக் கேட்கலாம் என்றால் தம்பியும் இல்லை."

எங்கள் தலைமை எழுத்தர் ஒரு வரியில் பதில் சொன்னார். தேடிப் பார்த்தோம், எதுவும் கிடைக்கவில்லை என்று எழுதச் சொன்னார். யாரும் ஒரு அலமாரியைக்கூடத் திறக்கவில்லை. அந்தப் பொய்யைத் தட்டச்சு செய்தவள் நான். செய்துவிட்டு, அதை உறையில் போடாமல் அவர் மேஜைக்கே திரும்பக் கொண்டுபோனேன்.

"சார், நான் நேரா போய்ப் பாத்துட்டு வரேன். அதுவரைக்கும் இதை அனுப்ப வேண்டாம்."

"உனக்கு வேற வேலை இல்லியாம்மா? ரெண்டு வருசத்துக்கு முந்தின காயிதம். ஆடு தின்னிருக்கும்."

"தின்னுச்சான்னு கேட்டுட்டு வரேன்."

முறைத்தார். "திங்கக்கிழமை காலைல இது தபால்ல போயிரும்" என்றார். எனக்கு ஒரு சனிக்கிழமை கிடைத்தது.

விடியற்காலை 5.40க்கு ஓசூரில் பேருந்து. கிருஷ்ணகிரிக்கு முப்பது மைல், ஒரு ரூபாய் மூன்றணா. நயா பைசா வந்து ஒரு மாதந்தான் ஆகியிருந்தது. சில்லறை வாங்கிய ஒவ்வொருவரும் நடத்துனரிடம் சண்டை போட்டார்கள், நான் உட்பட. சூளகிரியில் பத்து நிமிடம் நின்றது. அங்கே குடித்த காபியைப் பற்றி நல்லபடியாகச் சொல்ல ஒன்றுமில்லை. கிருஷ்ணகிரி சேர்ந்தபோது மணி 7.50. வேப்பனப்பள்ளி வண்டி 8.30க்கு, பதின்மூன்று மைல், எட்டணா. அந்த வண்டியில் மூன்று பேர் என்னிடம் ஒரே கேள்வியைக் கேட்டார்கள், ஒருவர் தமிழில், ஒருவர் தெலுங்கில், ஒருவர் கன்னடத்தில். "கூட யாரு வந்திருக்காங்க?" மூன்று மொழியிலும் "யாருமில்லை" என்று சொல்லத் தெரிந்திருந்தது எனக்கு.

9.35க்கு இறங்கி, இரண்டு மைல் நடை. இருபுறமும் மாந்தோப்பு, காய் இறக்கிக்கொண்டிருந்தார்கள். "அமெரிக்காக்காரர் இருந்த வீடு எது?" என்றேன். ஒருவருக்கும் புரியவில்லை. "கோழி வளத்தாரே" என்றதும், "ராயப்பாவா? திம்மராயன் வூட்ல கேளு" என்று கை காட்டினார்கள். ராய் இங்கே ராயப்பா ஆகியிருந்தார்.

திம்மராயன் தோப்புக்குப் போயிருந்தார். அவர் மனைவி நஞ்சம்மா, ஐம்பது வயதிருக்கும், புளி உரித்துக்கொண்டிருந்தார். ராய் இறந்துபோனது அவர்களுக்கு முன்பே தெரியும். எட்னா கேட்டதை நான் சொல்லி முடிப்பதற்குள் எழுந்து உள்ளே போய், உத்தரத்தில் தொங்கிய கடுதாசிக் கம்பியை அப்படியே கழற்றிக்கொண்டு வந்தார். அந்தக் காலத்தில் எல்லா வீட்டிலும் அது இருக்கும். கீழே ஒரு கட்டை, மேலே வளைந்த கொக்கி, வருகிற கடிதமெல்லாம் அதில் குத்தி ஏறும். வரி ரசீது, கல்யாணப் பத்திரிகை, அவற்றுக்கு நடுவே நீல நிற விமானத் தபால் தாள்கள். எண்ணினேன், முப்பத்தொன்று. எல்லாவற்றிலும் நடுவில் ஓட்டை, மற்றபடி ஒரு மடிப்புக்கூடக் கலையவில்லை.

"அவன் போறப்ப, எடுத்துக்கிட்டுப் போப்பான்னேன். பெட்டியில இடமில்ல, உங்க வூட்லயே இருக்கட்டும்னான். அதான் தொடல" என்றார்.

எனக்குக் கால் தரையில் இல்லை. அங்கேயே உட்கார்ந்து தேதி வாரியாக அடுக்கினேன். சோள விலை, பக்கத்து வீட்டுக் கல்யாணம், அம்மாவுக்கு முட்டிவலி, பிறகு அம்மா படுக்கையில். அடுத்த கடிதம் அடக்கத்துக்கு வந்தவர்களுக்கு நன்றி சொன்னதைப் பற்றிப் பேசியது. நடுவில் இருக்க வேண்டியது இல்லை.

"அம்மா செத்துப்போனதா ஒரு கடுதாசி வந்திருக்குமே?"

நஞ்சம்மா நிமிர்ந்து பார்த்தார். "அதை எப்படிம்மா வூட்ல வெப்போம்?"

உடனே புரிந்தது. எனக்கு முதலிலேயே தோன்றியிருக்க வேண்டும். சாவுச் செய்தி வந்த தாளை வீட்டுக்குள் வைக்கக்கூடாது. படித்ததும் கிழித்து வெளியே போட்டுவிட வேண்டும். எங்கள் வீட்டிலும் அதுதான். எனக்கு எட்டு வயதிருக்கும்போது, கோலார் சுரங்கத்தில் வேலை பார்த்த என் அப்பா இறந்துபோன செய்தி கடிதமாகத்தான் வந்தது. மாமா இரண்டு வரி படித்தார், அம்மா அலறினார், மாமா கிழித்துத் தெருவில் போட்டார். முழுப் பக்கம் எழுதியிருந்தது. மிச்சத்தை யாருமே படிக்கவில்லை. அதனால்தான் எட்னாவின் கடிதத்தை என்னால் தள்ளிவிட முடியவில்லை. இதைத் தலைமை எழுத்தரிடம் சொல்லவில்லை, சொன்னால் அழுதிருப்பேன்.

அன்று நடந்ததை நஞ்சம்மா சொன்னார். ராய் வாசல் கல்லில் உட்கார்ந்து பிரித்திருக்கிறார். முதல் தாளிலேயே முகம் மாறி, "அம்மா போச்சு" என்று சொல்லியிருக்கிறார். "சும்மா உட முடியுமா? நம்ம வூட்டுப் புள்ள மாதிரி இருந்தவன். கையில இருந்ததை வாங்கிக் கிழிச்சு வெளிய போட்டேன். நாலு குடம் தண்ணிய தலையில ஊத்தினேன். அப்புறந்தான் அவனுக்கு அழுகையே வந்துச்சு." கிழித்ததில் துளி வருத்தம் அவருக்கு இல்லை. ஒரு தாய் செய்ய வேண்டியதைச் செய்த நிறைவுதான் இருந்தது. எனக்கோ அங்கேயே முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது.

"எங்க போட்டீங்க?"

"அந்த வேலிக்கு அந்தாண்ட. ரெண்டு வருசம் ஆச்சும்மா."

அப்படியும் போய்ப் பார்த்தேன். வேலியோரம் மண்ணைக் கிளறிக்கொண்டிருந்த என்னை, எதிர்த் தோப்பில் மாங்காய் கட்டிக்கொண்டிருந்தவர் ஒருவர் கொஞ்ச நேரம் வேடிக்கை பார்த்தார். தோப்பைக் குத்தகைக்கு எடுத்த வியாபாரி, காதர் பாய். வேப்பனப்பள்ளிக்காரர், ஒவ்வொரு வருடமும் காய் இறக்க வருகிறவர்.

"என்ன தாயி தொலைச்ச?"

சொன்னேன். அவர் வேலையை நிறுத்தினார். "ராயப்பா தலையில தண்ணி ஊத்தினாங்களே, அன்னிக்கா? அது என் பொட்டியில இருக்கும்."

நான் நம்பவில்லை. அவர் சாவகாசமாக விளக்கினார். "சாவுக் கடுதாசியில சாமி பேரு இல்லாம இருக்குமா? அந்தப் பேரு எந்தப் பாசையில இருந்தாலும் கால்ல படக்கூடாது. எங்கள்ல அப்படி. பொறுக்கி வெச்சுக்கிட்டேன். ஆத்துல உட்றதுதான் முறை. அப்ப ஆத்துல தண்ணியில்ல. தண்ணி வந்தப்ப எனக்கு நெனப்பில்ல."

தகரப் பெட்டி கொட்டகையில் இருந்தது. எடைக்கல், சணல், பழைய சீட்டுகள், அடியில் ஒரு துணி முடிச்சு. பிரித்தார். எட்டுத் துண்டுகள். இரண்டு தாளைச் சேர்த்து நெடுக்கே ஒன்று, குறுக்கே ஒன்று கிழித்தால் எட்டு வரும். ஒன்றுகூடக் குறையவில்லை.

மாங்கூடையைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் பொருத்தினேன். நஞ்சம்மா தள்ளி நின்றார், கிட்டே வரவில்லை. "என்னதான் எழுதியிருக்கு, சொல்லேன்" என்றார். ஆங்கிலத்தில் ஒரு வரி, தமிழில் ஒரு வரி என்று படித்தேன். முதல் தாளில் சாவு, நேரம், மருத்துவர், யார் யார் வந்தார்கள். இரண்டாம் தாளில்தான் அம்மா பேசியது. கோழிக்குத் தண்ணீர் வைத்தாயா என்று கேட்டாராம். தன் நீலச் சட்டையை யாருக்குக் கொடுப்பது என்று சொன்னாராம். விடியும்போது கண்ணைத் திறந்து, "ராய் இருக்கிற ஊரில் மழை வந்ததா? அவன் நட்டதெல்லாம் காய்ந்துபோகுமே, கேட்டு எழுது" என்றாராம். அதற்கப்புறம் பேசவில்லை.

நஞ்சம்மா கிட்டே வந்துவிட்டார். "எங்க ஊருல மழை பேஞ்சுதான்னா கேட்டாங்க?"

"ஆமாங்க."

"அவன் இத படிக்கவே இல்லியே. ஒரு தாளுதானே படிச்சான். நான் புடுங்கிட்டேனே." புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு அழுதார். எனக்கு அவர்மேல் இருந்த கோபம் போன இடம் தெரியவில்லை. அழுகை நின்றதும் மூக்கைச் சிந்திவிட்டு அதிகாரமாகச் சொன்னார்: "நீ எழுதும்மா. அந்த வருசம் ஆடியில நல்ல மழை. ஏரி ரொம்பிச்சு. அவன் வெச்ச முருங்கையெல்லாம் பொழைச்சுதுன்னு எழுது."

காதர் பாய் மெதுவாகக் கேட்டார், "சாமி பேரு எத்தினி எடத்துல இருக்கு?"

மறுபடி தேடினேன். இரண்டு தாளிலும் ஒரு இடத்திலும் இல்லை. பொய் சொல்ல வாய் வரவில்லை, இல்லை என்றேன். அவர் சிரித்துவிட்டார். "அப்ப ரெண்டு வருசமா ஒரு பொம்பளையோட கோழிக் கணக்குக்கா மரியாதை குடுத்தேன்? போவட்டும், எடுத்துக்கிட்டுப் போ." வழியில் தின்ன நான்கு மாம்பழமும் கொடுத்தார்.

இரண்டு மணி வண்டியைப் பிடித்து, ஓசூர் வந்தபோது 6.20. வாசலிலேயே அம்மாவிடம் விஷயத்தைச் சொன்னேன், மறைக்கவில்லை. "சாவுக் கடுதாசியா? உள்ள கொண்டாராத" என்றார். சரி என்று தெருவிளக்குக் கம்பத்தடியில் பையோடு நின்றேன். எங்கே போவது என்று தெரியவில்லை, ஆனால் விட்டுக்கொடுப்பதாகவும் இல்லை. கொஞ்ச நேரத்தில் அம்மா தானே வெளியே வந்தார். "என்ன எழுதியிருக்கா அந்தப் பொண்ணு?" என்றார். சொன்னேன், கோழி, சட்டை, மழை எல்லாம். அம்மா கேட்டார், "உங்கப்பாவும் ஏதாச்சும் கேட்டிருப்பாரில்ல?" பதின்மூன்று வருடத்தில் அப்பாவைப் பற்றி அவர் கேட்ட முதல் கேள்வி அது. அம்மா பையை என் கையிலிருந்து வாங்கி, அவரே உள்ளே கொண்டுபோனார்.

ஞாயிறு முழுக்க, சோற்றுக் கஞ்சி தடவி எட்டுத் துண்டையும் வெள்ளைத்தாளில் ஒட்டினேன். திங்கட்கிழமை தலைமை எழுத்தர் மேஜையில் முப்பத்திரண்டு கடிதங்களையும் வைத்தேன். நஞ்சம்மா சொன்ன மழையை ஒரு தாளில் தட்டச்சு செய்து மேலே சேர்த்திருந்தேன். அவர் படித்துப் பார்த்து, கையெழுத்துப் போட்டார். மூன்று மாதம் கழித்து எட்னா எழுதினார். ஒட்டின கடிதத்தை ஆவண அறையில் அப்படியே வைத்துக்கொண்டார்களாம், அதற்குப் பக்கத்தில் நான் தட்டச்சு செய்த மழைத் தாளும் இருக்கிறதாம்.

இனி, போக நினைப்பவர்களுக்கு. ஓசூரிலிருந்து கிருஷ்ணகிரி ஐம்பது கிலோமீட்டர், இப்போது ஒரு மணி நேரம் போதும். அங்கிருந்து வேப்பனப்பள்ளி இருபது கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். காலையில் தொழிற்சாலைப் பேருந்துகள் கிளம்புவதற்கு முன்பே புறப்பட்டுவிடுங்கள், இல்லையென்றால் ஓசூரைத் தாண்டவே ஒரு மணி நேரமாகும். மே மாதம் போனால் மாம்பழம் உண்டு, வெயிலும் உண்டு. பழைய கடிதம் தேடிப் போகிறவர்கள் அலமாரியோடு நின்றுவிடாதீர்கள், வீட்டில் வைக்கக்கூடாத தாள் எங்கே போகும் என்றும் கேளுங்கள். கூட யாரும் வரவில்லையா என்று கேட்டால், இல்லை என்று சொல்லிவிட்டு நடங்கள்.

இன்னொன்று. உங்கள் வீட்டுக்கும் ஒருநாள் அப்படி ஒரு தாள் வரும். கிழிக்கவே கூடாது என்று நான் சொல்ல மாட்டேன், அவரவர் வழக்கம் அவரவருக்கு. ஆனால் கடைசி வரி வரை ஒருமுறை சத்தமாகப் படித்துவிட்டுக் கிழியுங்கள்.