லூர்த்தம்மாவின் வலப் பெட்டி எறும்புகள்

குருநகர் லூர்த்தம்மா வீட்டுக்குள் போன எவரும் மெலிந்து வெளியே வந்ததில்லை. மின்மானி வாசிக்க வந்தவர் புட்டும் கணவாய்க்கறியும் தின்றுவிட்டு, வந்த வேலையை மறந்து போனார். அந்த வீட்டுப் பூனை எலியைத் துரத்தாது; மூச்சு வாங்கியபடி வழி விடும்.

மருமகள் லவீனா பல்கலைக்கழகத்தில் எறும்பு ஆராய்ச்சி செய்கிறாள். விறாந்தை மேசையில் இரண்டு கண்ணாடிப் பெட்டிகள் வைத்தாள். இரண்டிலும் ஒரே தாயின் பிள்ளைகள்; இன்னும் புழுப் பருவம். இடப் பெட்டிக்குத் தினமும் அரைத்த மீன். வலப் பெட்டிக்குச் சீனித் தண்ணீர், பேருக்குத் துளி மீன்.

“நல்லாச் சாப்பிட்டது ராணியா வளரும், மாமி. மற்றது வேலைக்காரியா நிண்டிடும் எண்டு சொல்லுகினம். சாப்பாடுதான் காரணமோ, பரம்பரையோ எண்டு பாக்கப்போறன். என்ரை பட்டமே இதிலைதான் கிடக்கு. கை வைச்சிடாதேங்கோ.”

“ஒரு தாய் வயித்துப் பிள்ளையளுக்கு ஓரவஞ்சனை செய்ய உனக்கு மனம் வருதோ, பிள்ளை?”

“எறும்பு, மாமி!”

“எறும்புக்கும் வயிறு இருக்கு.”

சில வாரங்களில் இரண்டு பெட்டிகளிலும் சிறகு முளைத்த ராணிகள் வந்தன. வலப் பெட்டி ராணிகளின் பருமனைக் கண்டு பூனையே மேசைக்குக் கீழே ஒளிந்தது. லவீனா துள்ளினாள்.

“பட்டினி கிடந்தும் ராணி! எல்லாம் பரம்பரைதான்! நாளைக்கே பேராசிரியருக்குச் சொல்லப்போறன்.”

லூர்த்தம்மா தின்றுகொண்டிருந்த புட்டைப் பாதியில் வைத்துவிட்டார். மகன் ஜெயசுதனுக்குப் பயம் பிடித்துவிட்டது.

“என்னம்மா, காய்ச்சலோ?”

“பிள்ளை, நாளைக்குப் போகாதை,” என்றார் லூர்த்தம்மா மருமகளிடம். “வலப் பெட்டிக்கு நான் கொஞ்சம் இறால் போட்டனான்.”

“கொஞ்சமெண்டால்?”

“ஒவ்வொரு நாளும். அந்தோனியாராணை, உறைப்பைக் கழுவிப்போட்டுத்தான் குடுத்தனான்.”

லவீனா இரண்டு நாள் மாமியோடு கதைக்கவில்லை. அடுத்த புழுக்களை ஆய்வுகூடத்திலேயே பூட்டி வளர்த்தாள். இம்முறை வலப் பெட்டியில் ஏறக்குறைய எல்லாமே வேலைக்காரிகள். ஒன்றிரண்டு மட்டும் அந்தப் பட்டினியிலும் ராணியாகியிருந்தன.

“பரம்பரையும் கொஞ்சம் இழுக்குது, மாமி. ஆனால் பெரும்பாலும் சாப்பாடுதான். பேராசிரியருக்குச் சரியான சந்தோசம். பட்டம் கிடைச்ச மாதிரித்தான்.”

“அப்ப அந்த வேலைக்காரியள் இனியும் பட்டினியோ?”

“ஆராய்ச்சி முடிஞ்சுது. இனி என்னத்தைக் குடுத்தாலும் அதுகள் ராணியாகாது, வளந்திட்டுதுகள்.”

“ஆரடி ராணியாக்கச் சொன்னது?” லூர்த்தம்மா அதற்குள் செருப்பை மாட்டிவிட்டார். “ஆய்வுகூடப் பூட்டின்ரை திறப்பை எடு.”