பஸ்ஸுக்குக் கட்டிய கொட்டகை

சங்கரன்கோவிலுக்கு மின்சார பஸ் வரப்போகிறது என்றதும், டிப்போவில் சார்ஜ் ஏற்றும் இடத்துக்குத் திட்டம் போடும் வேலை என் தலையில் விழுந்தது. டிரான்ஸ்பார்மர் எந்த மூலையில், சார்ஜர் எந்த வரிசையில், எந்த வண்டி எப்போது வந்து நிற்கும் என்பதெல்லாம் என் பொறுப்பு. ராத்திரி எல்லா வண்டியும் டிப்போவுக்குத் திரும்பியாக வேண்டும். அப்படியென்றால் கிராமங்களில் இரவு தங்கும் பஸ்கள் இனி அங்கே தங்க முடியாது.

திருவேங்கடத்துக்கு அப்பால் இருக்கும் என் பிறந்த ஊரிலும் ஒரு பஸ் தங்கும். டிரைவருக்கும் கண்டக்டருக்கும் வீட்டுக்கு வீடு முறை வைத்துச் சோறு போகும். விடியுமுன் பஸ் கிளம்பும்போது முன் சீட்டில் என் அண்ணன் இருப்பார். சிறுநீரகம் இரண்டும் போய்விட்டன. வாரத்தில் மூன்று நாள் சங்கரன்கோவில் ஆஸ்பத்திரியில் ரத்தம் சுத்தம் செய்ய வேண்டும். காலை ஷிப்டில்தான் அவருக்கு இடம். மத்தியான ஷிப்டுக்கு ஏற்கெனவே பல பேர் காத்துக் கிடக்கிறார்கள்.

விஷயத்தை நேரில் சொல்லிவிடலாம் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போனேன். எனக்கு முன்பே செய்தி போய்ச் சேர்ந்திருந்தது. பஸ் நிற்கும் இடத்தில் புதிதாக ஒரு தகரக் கொட்டகை. சாணி தெளித்துக் கோலம் போட்டு, உள்ளே ஒரு பிளக் பாயிண்டும் வைத்திருந்தார்கள். டிரைவருக்குச் சோறு போட்டுப் பழகிய ஊர், பஸ்ஸுக்கும் நாமே போட்டுவிடலாம் என்று நினைத்துவிட்டது. எனக்குச் சிரிப்பு வரவில்லை, கோபம்தான் வந்தது. என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா?

"என்னட்டி, வண்டி தாராளமா நிக்கும்லா?" என்றார் அண்ணன்.

"இதுல செல்போனுக்குத்தான் சார்ஜ் ஏறும்ணே. பஸ்ஸுக்கு வேண்டிய கரண்ட நம்மூர் டிரான்ஸ்பார்மரே தாங்காது."

"பெருசா ஒண்ணு வைக்கச் சொல்லேன். நீதான திட்டம் போடுத?"

கேட்டுப் பார்த்துவிட்டேன். ஒரு பஸ்ஸுக்காகத் தனி லைன் இழுக்க முடியாது என்று மேலே சொல்லிவிட்டார்கள். பழைய டீசல் வண்டியையாவது விட்டுவையுங்கள் என்றேன். அதுவும் நடக்கவில்லை. இனி டிப்போவிலிருந்து முதல் பஸ் வந்து திரும்புவதற்குள் காலை ஷிப்ட் தொடங்கிவிடும். அந்நேரத்தில் எங்கள் ஊருக்கு ஆட்டோவும் வராது.

"சங்கரன்கோவில்ல எங்க வீட்டுல வந்து இருந்துக்கிடுங்கண்ணே."

"இங்க கெடக்க ஆட்டையெல்லாம் யாருட்டி பாத்துக்கிடுவா?"

அவர் தனிக்கட்டை. அதற்குமேல் என்னால் வற்புறுத்த முடியவில்லை.

"பால்காரன் வாரத்துல ஒரு நாள் பைக்குல கூட்டிட்டுப் போறேங்கான். ஒரு நாள் போனாப் போதும்லாட்டி?" என்றார்.

போதாது என்று டாக்டர் சொன்னபோது அவரும் என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார்.