வேம்புலியம்மாள் போட்ட முடிச்சு

வேட்டியை வெயிலுக்கு நேரே தூக்கிப் பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்க்கிறாள் வேம்புலியம்மாள். வெள்ளாவி வைக்குமுன் ஒவ்வொரு துணிக்கும் இந்தச் சோதனை உண்டு. கோவில்பதாகை ஊர்த் துணியெல்லாம் அவள் கையில்தான் வெளுக்கிறது. எனக்கு அத்தை மகள். என் தம்பிக்குக் கேட்டோம், தரவில்லை.

சோற்றுக் கறை, வெற்றிலைக் கறை எதற்கும் அலுக்காதவள், சீழ்க்கறை கண்டால் மட்டும் முகம் மாறுவாள். வெட்டை நோய். ஆவடியில் பட்டாளத்துக்குக் கொட்டகை போடத் தொடங்கியதிலிருந்து அது அதிகம். அந்த வேட்டியைத் தனியாக வெளுத்து, மூலையில் ஒரு முடிச்சுப் போட்டு, உடையவன் கையிலேயே கொடுப்பாள். ஆஸ்பத்திரிக்குப் போ என்று அதற்கு அர்த்தம். பெயரை என்னிடம்கூடச் சொன்னதில்லை.

போன தையில் முடிச்சு வாங்கிய ஒருவன் துணி துவைக்கும் துறைக்கே வந்து சத்தம் போட்டதால்தான் எனக்கு இது தெரியும். தசரதன் என்று வைத்துக்கொள்ளுங்கள். பத்து நாளில் கல்யாணம்.

"துணி தோய்க்கற வேலையப் பாரு, வேம்புலி."

"அதத்தான் பாத்துகினு கீறேன், நைனா. துணியில கீறத நான் வெளுத்துடுவேன். ஒடம்புல கீறத யார் வெளுக்கறது?"

"கல்யாணம் ஆனா தானா பூடும்னு சொல்றாங்க."

"எங்கக்காளக் கட்டினவனும் இதான் சொன்னான். கொயந்த சீழ் புடிச்ச கண்ணோட பொறந்துச்சி. இன்னிக்கும் தடவிகினுதான் நடக்குது."

நிஜம்தான். அக்காள் குப்பம்மாளின் அந்தக் குழந்தையை நானும் தூக்கியிருக்கிறேன்.

மணமக்கள் நடந்து வர வண்ணார் நாங்கள் நடைபாவாடை விரிக்காமல் இந்த ஊரில் கல்யாணம் கிடையாது. இங்கே அந்த உரிமை வேம்புலியுடையது; நானோ வேற்றூர் வண்ணாரோ அதில் கை வைக்க மாட்டோம். தசரதன் கல்யாணம் நெருங்கியதும் வேம்புலி, "கை தூக்க முடில" என்று சொல்லிப் படுத்துவிட்டாள். ஊரே ஏசியது. திமிர் பிடித்தவள் என்றார்கள். கேட்டுக்கொண்டே கிடந்தாள், காரணம் மட்டும் வாயில் வரவில்லை. எங்கள் அத்தை பெற்றவளடா என்று எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது.

கல்யாணம் பங்குனிக்குத் தள்ளிப்போயிற்று. தசரதன் ரயிலேறிச் சென்னை ஆஸ்பத்திரிக்கு நாலு தரம் போய் வந்தான். கடைசியாகத் துறைக்கு வந்தவன், இந்தத் தரம் குரலை உயர்த்தவில்லை.

"டாக்டரு போதும்னுட்டாரு, வேம்புலிம்மா." சீட்டை நீட்டினான்.

"எனுக்கு இன்னா படிக்கத் தெரியுமா? வேட்டியக் குடு."

வெயிலுக்கு நேரே பிடித்தாள். புரட்டிப் பிடித்தாள். பிறகு முடிச்சுப் போடாமலே அதை ஓரமாக வைத்துவிட்டு, மூட்டையின் அடியிலிருந்து நடைபாவாடையை உருவி, இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கி ஓர் உதறு உதறினாள்.